பதினொன்று என்று தட்டினேன்

எந்தப் பொருளை வாங்கினாலும் அதோடு வரும் விளக்கக் குறிப்பை முதல் நாலு வரிக்கு மேல் படிக்காத ரகம் நான். புது மிக்ஸியின் ஜாரை முதல் வாரமே உடைத்தவள். இன்வெர்ட்டரைத் தலைகீழாக மாட்டச் சொல்லி எலெக்ட்ரீஷியனோடு சண்டை போட்டவள். உடைவது ஜாராக இருக்கும்வரை இதையெல்லாம் ஒரு குணம் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். ஒரு தடவை உடையப் பார்த்தது என் அண்ணன் கல்யாணம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு, மலையாள எல்லைக்குள் இருக்கும் பெருமாட்டியில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டின அறையில் உட்கார்ந்தபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். (மீட்டிங் நடுவே எருமை கத்தினால், ரோட்டில் லாரி போகிறது என்பேன். எங்கள் ரோட்டில் ஒரு நாளைக்கு அத்தனை லாரி போவதாகத்தான் மேனேஜர் இன்றைக்கும் நம்புகிறார்.) வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால் தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ஒரு எக்ஸ்டென்ஷனைப் பற்றிச் சொன்னாள். பிரவுசரில் சேர்த்துக்கொண்டால் மவுஸையே தொட வேண்டாமாம். ஒரு பட்டனைத் தட்டினால் திரைக்கு அடியில் கறுப்புப் பட்டை ஒன்று வரும். அதில் கட்டளையை டைப் செய்து என்டர் தட்டினால் அது பாட்டுக்கு வேலையை முடித்துவிடும். 'ஓப்பன்' என்றால் திறக்கும். 'குளோஸ்' என்றால் மூடும். 'கிளிக்' என்று போட்டு, பக்கத்தில் இருக்கும் பொத்தானின் பெயரையும் எழுதினால் தேடிப் போய் அமுக்கும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கென்று பதினான்கு பகுதிகள் கொண்ட நீளமான விளக்கம் இருந்தது. நான் முதல் பகுதியில் பாதி படித்தேன், புரிந்துவிட்டது என்று மூடினேன்.

அன்று முழுக்க ஒரே ஆட்டம். 'ஸ்க்ரோல்' என்று எழுதுவேன், பக்கம் கீழே இறங்கும். 'பேக்' என்று எழுதுவேன், பின்னால் போகும். மெயில் தானாகத் திறந்தபோது நான் போட்ட கூச்சலில், அறைக்குள் பாம்பு வந்துவிட்டது என்று அம்மா தடியோடு ஓடி வந்தாள். சாயங்காலம் மவுஸைக் கழற்றி, பழைய சாவிகளும் செத்த பேட்டரிகளும் கிடக்கும் மேசை டிராயருக்குள் போட்டுவிட்டேன். இனி உனக்கு இந்த வீட்டில் வேலை இல்லை என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாருங்கப்பா, கையே வெக்கல. சொன்னாப் போதும், அதுவே செய்யுது."

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "கை வெக்காம நடக்கற வேலைய எனக்கு நம்பிக்கையில்ல கண்ணு" என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் எங்கள் தோப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கள்ளுக்கு விடுகிற தென்னைகளுக்கு எண் போடுவார்கள். அதைப் பார்த்து அப்பா, கள்ளுக்கு விடாத மரங்களுக்கும் சேர்த்து முந்நூற்றுச் சொச்சம் மரத்துக்கும் வெள்ளைப் பெயின்டால் எண் எழுதிவிட்டார். அதனால் எங்கள் வீட்டில் எண் என்றால் அது பெயர். "எழுபத்திரண்டுக்குத் தண்ணி விடு" என்றால் அந்த ஒரு மரத்துக்கு. எழுபத்திரண்டு மரத்துக்கு விட்டால் ஆளைத் தொலைத்துவிடுவார். நான் நடக்கப் பழகியதே நாற்பத்தொன்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில்தான்.

அண்ணன் கதைக்கு வருகிறேன். அண்ணன் பெயர் வேலுச்சாமி. அப்போது முப்பத்து நாலு வயது. தோப்பும் வயலும் பார்க்கிறவன். கெட்ட பழக்கம் கிடையாது, பேச்சும் கிடையாது. நாலு வருஷமாகப் பெண் தேடினோம். எங்கே போனாலும் ஒரே கேள்வி: "தோட்டமிருக்குது, சரிங்க. மாப்பிள்ளை என்ன வேலைக்குப் போறாரு?" ஒவ்வொரு தடவையும் அண்ணன் தரையைப் பார்ப்பான்.

கடைசியில் உள்ளூர்த் தரகர் ஒருவர் நடத்துகிற வெப்சைட்டில் அவனைச் சேர்த்தோம். பெண்களின் பட்டியல் வரிசை எண்ணோடு வரும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'விருப்பம்' என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் அண்ணன் போன் எண்ணோடு பெண் வீட்டுக்குச் செய்தி போகும், அவர்கள் சம்மதித்தால்தான் அவர்கள் எண் எங்களுக்குக் கிடைக்கும். அப்பாவும் அம்மாவும் ஒரு வாரம் உட்கார்ந்து அலசிப் பதினொன்றாம் எண்ணில் நின்றார்கள். பெயர் சுகந்தி. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஊர். மாட்டாஸ்பத்திரியில் வேலை. குறிப்பில் கடைசி வரி: 'மாப்பிள்ளை விவசாயம் பார்ப்பவராக இருந்தாலும் சம்மதம்.' அந்த வரியை அப்பா மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். நாலு வருஷத்தில் அப்படி ஒரு வரியை எழுதியவள் அவள் ஒருத்திதான். ஜாதகமும் பொருந்தியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சுகந்தி என்று யாரும் சொல்லவில்லை, பதினொண்ணு என்றுதான் பேச்சு. அண்ணன் மட்டும் பெயரையோ எண்ணையோ சொல்லாமல், தினமும் ராத்திரி சாப்பிட்டதும் என் அறைக்கு வந்து, "அந்த லிஸ்ட்டு ஒருக்கா காட்டு அம்மிணி" என்பான்.

புதன்கிழமை காலை நல்ல நேரத்தில் அனுப்புவதென்று முடிவாயிற்று. அப்பா அதற்கு வைத்த பெயர் 'அபேக்ஷை குடுக்கறது'. (மலையாளத்தில் விண்ணப்பம். வில்லேஜ் ஆபீசுக்கு நடந்து நடந்து அவர் வாயில் ஒட்டிக்கொண்ட சொல்.) அம்மா லேப்டாப்புக்குச் சூடம் காட்டினாள். குங்குமத்தைச் சரியாகக் கேமராவின் மேலேயே வைத்தாள். அண்ணன் குளித்துத் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கதவோரம் நின்றான்.

"மவுசு எங்க?" என்றார் அப்பா.

"அதெல்லாம் எதுக்குங்கப்பா" என்று சொல்லி, விரல்களை நெட்டி முறித்தேன். அப்படியே மவுஸைத் தேடி எடுத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. விதி, மவுஸ் டிராயரில்.

கறுப்புப் பட்டையை வரவழைத்து, 'கிளிக் விருப்பம் 11' என்று டைப் செய்தேன். பட்டை கேட்டது: 'பதினொன்று. தொடரட்டுமா?' இதில் கேட்க என்ன இருக்கிறது? பதினொண்ணுதானே வேண்டும்! 'எஸ்' என்று அடித்து என்டரைத் தட்டினேன். சத்தம் பலமாகவே வரும்படி தட்டினேன்.

முதல் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பொத்தான் பச்சையாயிற்று. அப்புறம் இரண்டாவது. மூன்றாவது. மளமளவென்று பச்சை கீழே இறங்கி, பதினொன்றில் வந்து நின்றது. பட்டையில் 'முடிந்தது' என்று வந்தது.

"என்ன புள்ள, பூராம் பச்சையா இருக்குது?" என்றாள் அம்மா.

எண்ணைக் கொடுத்தால் அந்த இடத்தில் இருப்பதை அமுக்காது, மேலே இருந்து அத்தனை எண்ணிக்கைப் பொத்தான்களை வரிசையாக அமுக்கும் என்று ஆறாம் பகுதியில் தெளிவாக எழுதியிருந்தார்கள். படத்தோடு. அதை நான் பிற்பாடு படித்தேன். அந்த நேரத்தில் செய்யத் தோன்றியது ஒன்றுதான்: 'அன்டூ' என்று டைப் செய்தேன். முந்தின நாள் நான் மூடிவைத்த சேலைக்கடைப் பக்கம் பவ்வியமாகத் திறந்தது. வெப்சைட்டிலோ, தெரிவித்த விருப்பத்தைத் திரும்பப் பெற முடியாது என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

"நாலு வருசமா ஒருத்திகூடக் கெடைக்கல. ஒரே நிமிசத்துல பதினொண்ணா?" என்று அம்மா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா பட்டியலைப் படிக்கச் சொன்னார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. அதில் மூன்று பேர் எங்கள் கூட்டத்துப் பெண்கள். எங்கள் வழக்கத்தில் ஒரே கூட்டம் என்றால் பங்காளி, பங்காளி வீட்டுப் பெண் என்றால் கூடப் பிறந்த தங்கை மாதிரி. அந்த மூவரில் நாலாம் எண், அடுத்த ஊரில் இருக்கும் எங்கள் பெரியப்பா முறையான ஒருவரின் மகள் வள்ளி. தீபாவளிக்கு அண்ணனிடம் காசு வாங்கிக்கொண்டு போகிறவள்.

அவளுடைய போன்தான் முதலில் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான் அண்ணன்.

"ஏனுங்ணா, என்ற மேல உங்களுக்கு விருப்பம்னு வந்திருக்குது. அம்மா அழுவறதா சிரிக்கறதான்னு தெரியாம உக்காந்திருக்குதுங்ணா."

நான் போனைப் பிடுங்கி நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் எருமை மிரண்டது.

அடுத்து ஓர் ஆண் குரல். "ஏனுங்க, என்ற சம்சாரத்து மேல உங்களுக்கு விருப்பமுங்களா?" ஏழாம் எண் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவில்லை. அப்பா மன்னிப்புக் கேட்டார். அந்த மனுஷன் இரண்டு நிமிஷம் கோபப்பட்டுவிட்டு, "தென்னந்தோப்புங்களா வெச்சிருக்கறீங்க? உங்க பக்கம் வெள்ளை ஈ எப்பிடிங்க?" என்று ஆரம்பித்தான். இருபது நிமிஷம் வெள்ளை ஈ ஓடியது.

இப்படியே முடிந்திருந்தால் தப்பித்தோம். மூன்றாவதாக வந்த போன், பதினொண்ணின் அப்பா.

"ஏனுங்க, உங்க பையன் விருப்பம்னு வந்துதுங்க. வெகு சந்தோசமாப் பாத்துட்டு இருந்தமுங்க. அப்பறம் பாத்தா என்ற மச்சினன் புள்ளைக்கும் அதே நிமிசத்துல வந்திருக்குதாமா. மொத்தம் எத்தன ஊட்டுக்குங்க?"

அப்பாவுக்குப் பொய் வராது. "பதினொண்ணுங்க."

"எங்குளுது எத்தனாவதுங்க?"

"பதினொண்ணாவதுங்க."

"கடைசிங்களா?" என்றார் அவர். போனை வைத்துவிட்டார்.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். துவைத்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, கிணற்றடிக்குப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நாலு வருஷத்துக்குப் பிறகு ஒருத்தி சம்மதம் என்று எழுதியிருக்கிறாள், அவளைப் பதினொன்றில் கடைசி ஆளாக்கினேனே என்று அழுதேன். இடையில் மேனேஜர் வீடியோ காலில் வந்து, திரை ஏன் சிவப்பாக இருக்கிறது என்று கேட்டார். கண் வலி என்றேன். எனக்கா கேமராவுக்கா என்று நல்லவேளை அவர் கேட்கவில்லை.

மத்தியானம் அண்ணன் கதவைத் தட்டினான். "கெளம்பு அம்மிணி. தரகர்கிட்ட வெலாசமெல்லாம் வாங்கியாச்சு. பத்து ஊட்டுக்கும் நேர்ல போயி சொல்லிட்டு வந்தரலாம். அப்பறம் அவங்க ஊட்டுக்குப் போலாம்."

"நேர்லயா? போன்ல சொன்னாப் பத்தாதாங்ணா?"

"கெளம்புன்னா கெளம்பு."

எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. ஸ்கூட்டரின் முன்னால் ஒரு சாக்குத் தேங்காய், பின்னால் நான். வீட்டுக்கு இரண்டு காய். என்ன சொல்வதென்று அண்ணனுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். நாலு பேர் எதிரில் பேசத் தெரியாதவன், அதை வழியெல்லாம் முணுமுணுத்து மனப்பாடம் செய்தான்: "தெரியாம வந்துருச்சுங்க. தப்பு எங்க மேலதானுங்க. எங்களுக்கு இந்தச் சம்பந்தத்துல எண்ணமில்லீங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

இரண்டு நாள் சுற்றினோம். எங்கள் பக்கத்துச் சித்தூர், பொள்ளாச்சி, உடுமலை. போன வீட்டில் எதுவும் குடிக்காமல் எழுந்தால் மன்னிப்பு செல்லாது. முதல் வீட்டில் மோர், இரண்டாம் வீட்டில் காப்பி, மூன்றாம் வீட்டில் காப்பியும் முறுக்கும், பங்காளி வீடு மூன்றிலும் முதலில் வசவு, பிறகு சாப்பாடு. அதிலும் வள்ளி வீட்டில் பெரியம்மா, "தங்கச்சிய பொண்ணு கேட்டவனுக்கு இன்னொரு கரண்டி ஊத்து" என்று சொல்லிச் சொல்லியே நெய் விட்டாள். ஏழாம் எண் வீட்டில் புருஷன்காரன் தன் தோப்பு முழுவதையும் நடத்திக் காட்டி, ஆளுக்கு இரண்டு இளநீர் வெட்டினான்.

உடுமலைப் பக்கம் ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "வேண்டாம்னு சொல்றதுக்கா இத்தன தூரம் வந்தீங்க? எங்க புள்ளையில என்ன கொறையக் கண்டீங்க?"

"கொறையொண்ணுமில்லீங்க" என்றான் அண்ணன்.

"கொறையில்லாட்டி அப்பறம் ஏன் வேண்டாங்கறீங்க?"

இதற்குப் பதில் நான் எழுதிக் கொடுத்த தாளில் இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் விட்டத்தைப் பார்த்தேன். உள்ளேயிருந்து அந்தப் பெண்ணே வந்து, "அப்பா, நானே இவர வேண்டாங்கறேன். உடுங்க, போகட்டும்" என்று காப்பாற்றினாள். (அந்த மகராசி இப்போது திருப்பூரில் நன்றாக இருக்கிறாள்.)

மலை மேலே சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டக்காரர் வீடு மட்டும் தூரம், அங்கே போனில் சொன்னோம். "அட, அதுக்கென்ன தம்பி. இங்க மழையில ரெண்டு நாளா நெட்டே கெடையாது. நீங்க சொல்லித்தான் கேட்டதும் தெரியும், வேண்டாங்கிறதும் தெரியும்" என்றார் அவர்.

ஆக, ஒன்பது வீடும் ஒரு போனும் முடிந்தன. இரண்டாம் நாள் சாயங்காலம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஸ்கூட்டர் திரும்பியபோது அண்ணன் வயிறு ஹேண்டில்பாரில் முட்டிக்கொண்டிருந்தது. சாக்கில் கடைசி இரண்டு காய். வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார் சுகந்தியின் அப்பா. வாங்க என்றார், அவ்வளவுதான். சுகந்தி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். கை கால் கழுவிக்கொண்டு, ஈரக் கையோடு நிலைப்படியில் வந்து நின்றாள்.

அண்ணன் தேங்காயை வைத்தான். தொண்டையைச் செருமினான். தெளிவாக, ஒரு பிசிறில்லாமல் சொன்னான்: "தெரியாம வந்துருச்சுங்க. தப்பு எங்க மேலதானுங்க. எங்களுக்கு இந்தச் சம்பந்தத்துல எண்ணமில்லீங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. அவன் விலாவில் ஓங்கிக் கிள்ளினேன். அண்ணனுக்குத் தான் சொன்னது தன் காதிலேயே விழ அரை நிமிஷம் ஆயிற்று. "ஐயோ, இல்லீங்க... இந்த ஊடு இல்லீங்க..." என்றான்.

பெரியவர் எழுந்துவிட்டார். சுகந்தி மட்டும் அசையவில்லை. "இதையே எத்தன ஊட்டுல சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"ஒம்பது ஊடு. ஒரு போனுங்க."

"ஒம்பது ஊட்டுக்கும் நேர்லயே போனீங்களா? எதுக்குங்க? போன்லயே முடிச்சிருக்கலாமல்லோ?"

அண்ணன் தலை நிமிரவில்லை. ஆனால் இந்த முறை பேசியது நான் எழுதிக் கொடுத்ததில்லை. "பொம்பளப் புள்ள இருக்கற ஊடுங்க. ஒருத்தன் விருப்பம்னு அனுப்பிச்சுட்டு, அடுத்த நிமிசமே வேண்டாம்னு போன வெச்சுட்டா, அந்தப் புள்ளைக்கு மனசு என்னமாத் தவிக்கும்? எனக்கு நாலு வருசமா அப்பிடித்தானுங்க போன் வருது."

என் அண்ணன் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அவன் பட்டது என்னவென்றே தெரிந்தது.

உள்ளேயிருந்து அவள் அம்மா காப்பித் தம்ளரோடு வந்தாள். சுகந்தி கையை நீட்டித் தடுத்தாள். "அம்மா, இவருக்கு வேண்டாம். வயித்தப் பாரு, உப்புசம் வந்த மாடாட்ட நிக்கறாரு." பிறகு அண்ணனைப் பார்த்து, "செரி, பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டீங்க. எங்க ஊட்டுல என்ன சொல்லோணும்னு வந்தீங்களோ, அதச் சொல்லுங்க" என்றாள்.

இப்போதுதான் அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "எனக்குச் சம்மதமுங்க."

"இத எத்தன ஊட்டுல சொன்னீங்க?"

"இங்க மட்டுந்தானுங்க" என்றான் அண்ணன். பெரியவர் மறுபடி கட்டிலில் உட்கார்ந்து, தேங்காய் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள், சக்குபள்ளத்துக்காரர் ஒரு பொட்டலம் ஏலக்காயோடு. மற்ற ஒன்பது வீட்டாரும், "எங்கள வேண்டாம்னு சொல்றதுக்கு ஊடு தேடி வந்த பையன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். வள்ளி மேடையேறி, "நான் நாலாவது" என்று சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டாள். இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பரிபாடி (விசேஷத்துக்கு மலையாளம்) எதுவானாலும் இந்தக் கதை ஓடாமல் பந்தி முடியாது. அண்ணியை அம்மா 'பதினொண்ணு' என்றுதான் கூப்பிடுகிறாள். கடைத்தெருவில் யாராவது திரும்பிப் பார்த்தால் அண்ணி முழுக் கதையையும் அங்கேயே நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்வாள்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அதே வெப்சைட், ஆண்களின் பட்டியல், எனக்குப் பிடித்திருந்தது ஆறாம் எண். (பெயர் இங்கே வேண்டாம், இப்போது பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறார்.) லேப்டாப்பைத் திறந்து விரல்களை நெட்டி முறித்தேன். அண்ணி மேசை டிராயரை இழுத்தாள். பழைய சாவிகளையும் செத்த பேட்டரிகளையும் தள்ளி, அடியில் கிடந்த மவுஸை எடுத்து, முந்தானையால் தூசியைத் துடைத்து என் கையில் வைத்தாள்.

"இதுல ஒருக்கா அமுத்துனா ஒருத்தருக்குத்தான் போகும், அம்மிணி" என்றாள். "ஊடு ஊடாப் போயி மன்னிப்புக் கேக்க உனக்கு உங்கண்ணனாட்ட வயிறு பத்தாது."